கோச்சுக்குப் பொன்னாடை

ஷார்ஜா
3.2.1985

அன்புள்ள ராஜதுரைக்கு,

நஜ்முதீன் எழுதுவது. இறைவன் கிருபையால் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? மில்லில் எல்லாரும் சுகம்தானே?

ஊருக்கு வரும் கடையநல்லூர்க்காரர் ஒருவரிடம் இரண்டு வீடியோ கேசட் கொடுத்து விட்டிருக்கிறேன். இங்கிலாந்து கால்பந்து லீக் மேட்ச். அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்களைப் பார். பத்து நிமிஷம் பார்த்தால் நீயும் அவர்கள் கட்சிதான். நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்கவே செய்கிறேன்.

எங்கள் கிளப்பில் இப்போது பெரிய கூத்து. நான் கார் ஓட்டிக்கொண்டிருந்த இங்கிலீஷ்கார கோச்சைத் தூக்கிவிட்டார்கள். தொடர்ந்து தோல்வி. ஒரு விருந்து வைத்தார்கள், மாலை போட்டார்கள், கையில் கடிகாரம் கட்டினார்கள், என் காரிலேயே ஏற்றி ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் மீதி இருந்த மாதங்களுக்கும் சேர்த்துச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டதால் மனிதர் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

ஐரோப்பாவில் இதெல்லாம் சர்வ சாதாரணமாம். ஸ்பெயினில் டீம் சரியாக ஆடவில்லை என்றால் கூட்டம் மொத்தமும் எழுந்து வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டும். கோச்சே, நடையைக் கட்டு என்று அர்த்தம். மறுவாரம் வேறு ஆள். அதனால்தான் அவன் ஆட்டம் அப்படி இருக்கிறது. நம் ஊரில்தான் எட்டு வருஷமாக ஒரே கோச். கல்யாண வீட்டுச் சமையல்காரரைக்கூட யாரும் இத்தனை வருஷம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சுலைமான் மச்சான் என் அக்காள் புருஷன்தான், அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா? நம் மைதானத்திலும் நாலு துண்டு பறந்தால்தான் கப் வரும் போலிருக்கிறது.

மச்சானிடம் சொல்லிவிடாதே. உதைப்பார். மில் லாரியில் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோது வாங்கிய குட்டே இன்னும் வலிக்கிறது.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் நண்பன்
நஜ்முதீன்


சங்கரன்கோவில்
2.3.1985

பேரன்புமிக்க நண்பன் நஜ்முதீனுக்கு,

ராஜதுரை வரைவது. அன்னை கோமதி அருளால் யாவரும் நலம். அம்மாவுக்கு வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் உன் தைலம் வந்ததிலிருந்து வலியைப் பற்றிப் பேசுவது குறைந்திருக்கிறது.

கேசட்டுகள் வந்து சேர்ந்தன. நம் கோமதிநாயகம் முதலாளி வீட்டு டெக்கில் போட்டுப் பார்த்தோம். தெருவே திரண்டுவிட்டது. ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்தவர்களும் உண்டு. இப்போது ஊரில் யாரைக் கேட்டாலும் சிவப்புச் சட்டைதான். நம் நாயகம் கால்பந்துக் கழகத்துக்கும் முதலாளி சிவப்புச் சட்டையே தைக்கச் சொல்லிவிட்டார்.

உன் கடிதத்தை வழக்கம்போல மில் ஆபீசில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். வெளிநாட்டுக் கடிதம் என்றால் நாலு பேர் கேட்பதுதானே நம் பழக்கம். கோச் விஷயம் வந்ததும் முதலாளி கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, “ஏலே, அந்த எடத்த இன்னொரு தடவ படி” என்றார். படித்தேன். “வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தாம்லே. தோத்தா மாலயப் போட்டு அனுப்பிருதான். நாம இங்கன வேலையும் குடுத்து வீடும் குடுத்துல்லா வச்சிருக்கோம்” என்றார். மீதிச் சம்பளம் கொடுத்த இடத்தைப் படிக்கும்போது அவருக்கு டெலிபோன் வந்துவிட்டது.

சுலைமான் அண்ணாச்சி அப்போது வெளியே எடை மேடையில் பஞ்சு மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாக் கோப்பையை இந்த வருஷம் எப்படியும் வாங்கியே ஆக வேண்டும் என்று முதலாளி முடிவாக இருக்கிறார். இன்னும் கேசட் அனுப்பு. உன் கடிதம் எப்போது வரும் என்று அவரே கேட்கிறார்.

என்றும் மறவாத
ராஜதுரை


ஷார்ஜா
10.4.1985

அன்பு அக்கா ஆமினாளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி நஜ்முதீன் எழுதுவது. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், கவலைப்பட வேண்டாம். உனக்கு இளைப்பு எப்படி இருக்கிறது? மச்சான் சுகமா? ஷம்சாத் பத்தாம் வகுப்புக்குப் போகப்போகிறாளே, அவளுக்கு ஒரு பேனாவும் இரண்டு துணியும் வைத்திருக்கிறேன்.

புது கோச் வந்திருக்கிறார். யுகோஸ்லாவியாக்காரர். அவர் கதையைக் கேட்டால் நீ சிரிப்பாய். வந்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் பெட்டியை முழுதாகப் பிரிக்கவில்லை. கூடத்திலேயே சோபாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சட்டையை அதிலிருந்து எடுக்கிறார், துவைத்து அதிலேயே வைக்கிறார். அலமாரி சும்மா கிடக்கிறது. ஏன் சார் என்று கேட்டேன். “இந்தத் தொழிலில் அலமாரி கிடையாது, தம்பி” என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சேர்ந்து எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

மச்சானுக்கு அந்தக் கவலை இல்லை. மில் லைன் வீடு, முற்றத்தில் முருங்கை. ராஜா மாதிரி இருக்கிறார். அவருக்கு என் சலாம்.

அன்புத் தம்பி
நஜ்முதீன்


சங்கரன்கோவில்
17.5.1985

அன்புத் தம்பி நஜ்முதீனுக்கு அக்காள் ஆமினாள் சலாம் சொல்லி எழுதுவது. உன் கடிதம் கண்டேன். இளைப்பு இருக்கிறது, வெயில் குறைந்தால் குறையும். நோன்பு வரப்போகிறது, உடம்பைப் பார்த்துக்கொண்டு நோன்பு வை.

நேராகவே கேட்கிறேன். ராஜதுரைக்கு நீ என்ன எழுதினாய்?

மில்லில் உன் மச்சானைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். பஞ்சு பொறுக்கும் பெண்கள்கூட, “என்ன கோச்சு அண்ணாச்சி, எப்ப ஏர்ப்போர்ட்டு?” என்று கேட்கிறார்கள். போன வாரம் திருவேங்கடத்து டீமோடு தோற்றார்கள். நம் டீமில் பாதிப் பேருக்குக் கால் சரியில்லை. ஆட்டம் முடிகிறபோது கூட்டம் எழுந்து நின்று துண்டை ஆட்டியது. தோற்றாலும் பாராட்டுகிறார்களே என்று இவர் கையைத் தூக்கி நாலு பக்கமும் சலாம் சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் வந்தும் அதையே சொன்னார். “நம்ம சனங்க நல்ல சனங்கட்டி” என்றார். ஷம்சாத் தெருவில் சிநேகிதிகளிடம் கேட்டுவிட்டு வந்து அது என்ன துண்டு என்று என்னிடம் சொன்னாள். நான் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

தம்பி, அந்த எடை மேடை வேலை கோச் என்பதற்காகக் கொடுத்தது. இந்த வீடு அந்த வேலைக்காகக் கொடுத்தது. ஒன்று போனால் எல்லாம் போகும். நீ விளையாட்டுக்கு எழுதியதாக இருந்தால், விளையாட்டுக்குத்தான் எழுதினேன் என்று முதலாளிக்கு விளங்கும்படி ஒரு கடிதம் எழுது. அது போதும்.

நீ எழுதிய பெட்டிக் கதையை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை.

அக்காள்
ஆமினாள்


ஷார்ஜா
28.6.1985

அன்புள்ள ராஜதுரைக்கு,

இங்கே பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. பிரியாணி மூன்று வேளைக்கு வந்தது. உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் துஆச் செய்தேன்.

அக்காள் ஏதோ வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாள். கோச்சைப் பற்றி நான் எழுதியது வேடிக்கைக்கு என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. மச்சானைப் போல ஆள் கிடைக்க மாட்டார்.

ஆனால் முதலாளி என் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார் என்பதைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றவன் நான். அதனால் இங்குள்ள விஷயத்தை இன்னும் விவரமாக எழுதுகிறேன், அவருக்குப் படித்துக் காட்டு. யுகோஸ்லாவியாக்காரரையும் அனுப்பிவிட்டார்கள். தொடர்ந்து தோற்கக்கூட இல்லை, இரண்டு டிரா, ஒரு தோல்வி. அடுத்து ஜெர்மன்காரர் வருகிறார். எங்கள் தலைவர் சொல்வது, கோச்சை மாற்றினால் ஆடுகிறவனுக்கு ஒரு பயம் வரும், பயம் வந்தால் பந்து தானாகப் போகும் என்று. யோசித்துப் பார்த்தால் அதிலும் ஞாயம் இருக்கத்தான் செய்கிறது.

புதுக் கேசட் மூன்று வருகிறது. தபசுக் கோப்பை நமக்குத்தான்.

நண்பன்
நஜ்முதீன்


சங்கரன்கோவில்
12.8.1985

பேரன்புமிக்க நண்பனுக்கு,

அன்னையின் தபசுக் காட்சியை லட்சம் கண்கள் கண்டு மகிழ்ந்தன. மழை இல்லாவிட்டாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. நாங்கள் எல்லாரும் சுகம்.

கோப்பை ஆட்டங்கள் வெகு சிறப்பாக நடந்தன. இறுதி ஆட்டத்தில் கரிவலம்வந்தநல்லூர் அணியிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் நாம் வாய்ப்பை இழந்தோம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பரிசளிப்பு மேடையில் முதலாளி அவர்கள், எட்டு ஆண்டுகள் கழகத்துக்கு உழைத்த சுலைமான் அண்ணாச்சியை மேடைக்கு அழைத்து, சரிகை போட்ட பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு எவர்சில்வர் குடமும் கொடுத்துக் கௌரவித்தார்கள். நான்தான் வாழ்த்துரை வாசித்தேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வெளிநாட்டு முறைப்படி எல்லாம் நடக்க வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம். உன் கடிதங்கள் எங்களுக்குப் பெரிய வழிகாட்டி.

அம்மாவுக்குத் தைலம் தீர்ந்துவிட்டது. மற்றவை பிறகு.

ராஜதுரை


ஷார்ஜா
5.9.1985

அன்பு அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் எப்படிப் போனது? எல்லாரும் சுகம்தானே?

அக்கா, பார்த்தாயா! மச்சானுக்குப் பொன்னாடை போர்த்தினார்களாமே! ராஜதுரை எழுதியிருந்தான். படித்துவிட்டு அறையில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். நீ வீணாகப் பயந்தாய். போட்டோ எடுத்திருப்பார்களே, ஒன்று அனுப்பு. இங்கே சுவரில் மாட்ட வேண்டும். பொன்னாடையைப் பூச்சி அரிக்காமல் மடித்து வை.

தம்பி
நஜ்முதீன்


ஷார்ஜா
20.10.1985

ராஜதுரைக்கு,

சுகம். சுகம் அறிய வேண்டும்.

அக்காளுக்கு நான் எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறையின்மேல் “இந்த விலாசத்தில் இல்லை” என்று தபால்காரர் எழுதியிருக்கிறார். மில் லைன் வீட்டில் இல்லாமல் எங்கே போனார்கள்? உன் கடிதத்தில் ஒன்றும் இல்லையே. அதே கடிதத்தை மறுபடி உன் விலாசத்துக்கு அனுப்புகிறேன், அவள் கையில் சேர்த்துவிடு. உடனே பதில் போடு.

நஜ்முதீன்


சங்கரன்கோவில்
14.11.1985

தம்பி நஜ்முதீனுக்கு,

சலாம். உயிரோடு இருக்கிறோம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று துஆச் செய்வதை நான் விடவில்லை.

ராஜதுரை உன் கடிதத்தை ஒரு ஆளிடம் கொடுத்து விட்டான். அவன் நேரில் வரவில்லை. போட்டோ கேட்டிருந்தாய். போட்டோ இல்லை. நடந்ததை எழுதுகிறேன், அதைச் சுவரில் மாட்டிக்கொள்.

மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள். முதலாளி அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். ராஜதுரை உருகி உருகி வாசித்தான். நான் பெண்கள் பக்கம் நின்றுகொண்டு அழுதேன் தம்பி, சந்தோஷத்தில் அழுதேன். அவர் குடத்தையும் பொன்னாடையையும் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வந்தார். “எட்டு வருசத்துக்கு இன்னைக்குத்தாம்ட்டி மரியாத கெடச்சிருக்கு” என்றார். மறுநாள் ஃபஜர் தொழுதுவிட்டு விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அங்கே மதுரையிலிருந்து வந்த ஒருத்தர் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். இவர் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்து, அவருக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பியிருக்கிறார். டீ வந்த பிறகுதான் கோல்கீப்பர் பையன் அழுதுகொண்டே, “அண்ணாச்சி, நேத்து ஒங்கள அனுப்பியாச்சுல்லா” என்று சொன்னான்.

வழியனுப்பு விழா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. உங்கள் வெளிநாட்டு முறையில் அப்படித்தானா?

மதுரைக்காரருக்கு எடை மேடை வேலையும் வேண்டும், வீடும் வேண்டும். ஒரு வாரத்தில் காலி செய்தோம். நீ எழுதிய இங்கிலீஷ்காரருக்கு மீதிச் சம்பளம் கொடுத்தார்களாமே, அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. இப்போது பூ மார்க்கெட் சந்தில் ஒரு அறை. உன் மச்சான் காலையில் பூக்கூடை ஏற்றுகிறார். ஷம்சாத் பள்ளிக்கூடம் போகவில்லை. என்னோடு பீடி சுற்றுகிறாள். உன் பேனா வந்தது. கணேஷ் பீடி, சையது பீடி எந்தக் கடைக்குச் சுற்றினாலும் அதற்குப் பேனா வேண்டியதில்லை. பொன்னாடையைப் பூச்சி அரிக்கவில்லை. அறைக்கு நடுவில் கயிறு கட்டி, பிள்ளை உடை மாற்றுவதற்கு மறைப்பாகப் போட்டிருக்கிறேன்.

அந்தத் துண்டு விஷயத்தையும் இப்போதுதான் அவருக்கு யாரோ சொன்னார்களாம். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. வேலை போன அன்றுகூடத் தின்றார்.

ஒரு கடிதம் எழுது என்று கேட்டேன். எழுதினாய். அதையும் ராஜதுரை ஆபீசில் சத்தமாகப் படித்தானாம்.

ஆமினாள்


சங்கரன்கோவில்
20.12.1985

அன்பு நண்பன் நஜ்முதீனுக்கு,

நீ எழுதிய கடிதத்தில் இருந்த வசவுகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன். நான் மாதச் சம்பளக்காரன். படி என்றால் படிப்பேன், வாழ்த்து என்றால் வாழ்த்துவேன். வேறு என்ன செய்ய? அம்மாவுக்கு இப்போது நடமாட்டமே இல்லை.

சேதி என்னவென்றால், மதுரைக்காரரும் சரிப்படவில்லை. மேலநீலிதநல்லூர்ப் பிள்ளைகளோடு ஐந்து கோல் வாங்கினோம். போன ஞாயிறு அவருக்கும் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. அவர் விவரமானவர், போர்த்தும்போதே எத்தனை மணிக்கு மதுரை பஸ் என்று கேட்டுவிட்டார்.

இப்போது முதலாளி சொல்லுவது: “எதுக்குலே வெளிய தேடணும்? நம்ம நஜ்முதீன் மூணு வெள்ளக்காரக் கோச்சுக்குப் பக்கத்துல இருந்தவன். அவனுக்குத் தெரியாததா?” நீ கார்தான் ஓட்டினாய் என்று சொல்லிப் பார்த்தேன். “காருக்குள்ள என்ன பேசியிருப்பான், அதாம்லே பாடம்” என்கிறார். எடை மேடை வேலை, அதே லைன் வீடு. வர இஷ்டமா என்று கேட்டு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

ராஜதுரை


ஷார்ஜா
11.1.1986

அன்பு அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுத முடியவில்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். மச்சான் முகம் முன்னால் வந்து நிற்கிறது.

ஜெர்மன்காரரை டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்தவர் தன் டிரைவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாத முடிவில் என் விசா ரத்து. எனக்கு விருந்தும் இல்லை, மாலையும் இல்லை. ஏர்போர்ட்டுக்குக்கூட டாக்சியில்தான் போக வேண்டும்.

அக்கா, கோபப்படாமல் படி. முதலாளி என்னைக் கோச்சாகக் கூப்பிடுகிறார். வருகிறேன் என்று ராஜதுரைக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். எனக்காக இல்லை. எனக்கு அந்த வீடு எதற்கு? வீட்டுச் சாவியை வாங்கி உன் கையில் கொடுக்கத்தான் வருகிறேன். பேருக்கு நான் கோச். மைதானத்தில் மச்சான் சொல்லிக்கொடுக்கட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன். ஷம்சாத் பள்ளிக்கூடம் போகட்டும். உன் முருங்கை அங்கேதான் நிற்கிறதாம். நான் செய்ததை நானே சரி செய்துவிடுகிறேன். சம்மதம் என்று ஒரு வரி எழுது.

தம்பி
நஜ்முதீன்


சங்கரன்கோவில்
24.1.1986

தம்பி நஜ்முதீனுக்கு,

சலாம். பயணம் சுகமாக அமையட்டும். இளைப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தை உன் மச்சானும் படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டுக் கூடை ஏற்றப் போய்விட்டார். அவர் மைதானப் பக்கம் போய் ஐந்து மாதம் ஆகிறது. பஸ் ஸ்டாண்டுக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போகிறார். அவர் வந்து உனக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார் என்று நீ நினைத்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

நாங்கள் அந்த வீட்டுக்கு வரமாட்டோம். சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மில் கேட்டைத் தாண்டினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ராஜதுரையும் நின்றான். அந்த நடையை இன்னொரு தடவை நடக்க எனக்குத் தெம்பு இல்லை. நீ தனி ஆள், உனக்கு லேசு.

வா. வேலை இல்லாமல் எத்தனை நாள் இருப்பாய்? பின்கதவுத் தாழ்ப்பாள் இறுக்கம், தூக்கிப் பிடித்துத் தள்ளினால் விழும். முருங்கைக்கு அரிசி களைந்த தண்ணீரை ஊற்று. வந்த அன்று இங்கே வந்து சோறு தின்றுவிட்டுப் போ, நான் உன் அக்காள்தான்.

பெட்டியை மட்டும் முழுதாகப் பிரித்துவிடாதே.

ஆமினாள்